பத்து மாதம் சுமக்கும் செடி

அக்டோபர் கடைசியில் ஒரு ஸ்ட்ராபெர்ரிச் செடியை வேரோடு பிடுங்கி மேசைமேல் வைத்துக்கொள்ளுங்கள். சிவந்துபோன இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போட்டால், கடைசியில் கட்டைவிரல் நீளம்கூட இல்லாத ஒரு குட்டைத் தண்டு மிஞ்சும். மேலே குருத்து, கீழே வேர், நடுவில் இது. செடியின் உயிர் முழுக்க இந்தக் குறுந்தண்டில்தான் இருக்கிறது. அதன் நுனியைப் பொத்திக்கொண்டிருக்கும் இளங்குருத்துகளை, வெங்காயம் உரிப்பதுபோல ஊசிமுனையால் உரித்துக்கொண்டே போய், எஞ்சியதை நுண்ணோக்கிக்கு அடியில் வையுங்கள். மணலைவிடப் பொடியாக, வெள்ளை வெளேரென்று பூக்கள் தெரியும். இதழ் எங்கே வரும், மகரந்தப்பை எங்கே வரும், நடுவில் பழமாகப் பருக்கப்போகும் மேடு எது என்று எல்லாம் வகுத்தாகிவிட்டது. அடுத்த ஜூலையில் யாரோ ஒரு குழந்தை கையில் எடுக்கப்போகும் பழம், வெளியே முதல் பனி விழுவதற்கு முன்பே அங்கே குடியேறிவிட்டது.

ஐரோப்பாவின் பெரிய நாற்றுப்பண்ணைகளில் இதை ஒரு வேலையாகவே செய்கிறார்கள். மாதிரிக்குச் சில செடிகளை உரித்துப் பார்த்து, ஒவ்வொரு குறுந்தண்டிலும் எத்தனை பூங்கொத்து உருவாகியிருக்கிறது என்று எண்ணுவார்கள். வரும் பருவத்தில் அந்த நாற்று எவ்வளவு காய்க்கக்கூடும் என்பதை அதிலிருந்தே கணித்துவிடுவார்கள்.

செப்டம்பரில் கருவுற்று, ஜூலையில் பழம். கணக்குப் போட்டால் பத்து மாதம். அந்தப் பத்து மாதத்தில் பாதிக்கு மேல் உறைகுளிர். அந்தக் குளிர்காலம் செடிக்கு என்ன செய்கிறது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

பின்லாந்தின் நடுப்பகுதியில், ஏரிகளுக்கு இடையே, சுவோனென்யோகி என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. வட அட்சரேகை 62 டிகிரியையும் தாண்டிய இடம். மணப்பாறை என்றால் முறுக்கு, பண்ருட்டி என்றால் பலா என்பதுபோல, அந்த நாட்டில் சுவோனென்யோகி என்றால் ஸ்ட்ராபெர்ரி. ஜூலையில் பழத்துக்கென்றே திருவிழா எடுக்கிறார்கள். அதே ஊரில் டிசம்பர் கடைசியில் பகல் ஐந்து மணி நேரத்தோடு முடிந்துவிடும். ஜனவரியில் வெப்பமானி மைனஸ் 30 டிகிரியைத் தொடும் இரவுகள் உண்டு. இத்தனைக்கும் இது கண்ணாடிக்கூண்டுக்குள் வளர்க்கும் விவசாயம் இல்லை. காலங்காலமாகத் திறந்த வயலில் நடப்பது.

இவ்வளவு குளிரை இந்தச் செடி எப்படித் தாங்குகிறது என்பதுதான் யாருக்கும் முதலில் தோன்றும் கேள்வி. எனக்கும் அதுதான் தோன்றியது. படிக்கப் படிக்க, அது பாதிக் கேள்விதான் என்று புரிந்தது. குளிரே கிடைக்காவிட்டால் இந்தச் செடி என்ன ஆகும்? மீதிப் பாதி அதுதான்.

கோடையில் ஸ்ட்ராபெர்ரிச் செடிக்குப் புதுப் பூ உருவாக்கும் நினைப்பே கிடையாது. நெடும்பகல் இருக்கும்வரை அது ஓடுதண்டுகளை விடும். நூல்போல நீண்டு தரையில் படரும் அந்தத் தண்டு, தொட்ட இடத்தில் வேர்விட்டு ஒரு குட்டிச் செடியை நிறுத்திவிட்டு மேலே போகும். பகல் சுருங்கத் தொடங்கினால் செடியின் போக்கே மாறிவிடுகிறது. இரவு நீள்வதை இலைகள் அறிகின்றன. பகல் ஏறக்குறைய 14 மணி நேரத்துக்குக் கீழே இறங்கியதும், இலை செய்துகொண்டிருந்த குருத்துநுனி பூச்செய்யத் தொடங்குகிறது. இலைக்கக்கத்து மொட்டுகளும் ஓடுதண்டாக நீளாமல், பக்கத்திலேயே கிளைக் குறுந்தண்டுகளாகப் பருக்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பழம் தரும் பெரும்பாலான ரகங்களின் இயல்பு இது.

சுவோனென்யோகியில் ஜூன் மாதப் பகல் சுமார் 20 மணி நேரம். அது 14 மணிக்குச் சுருங்கும்போது செப்டம்பர் முதல் வாரம் வந்துவிடும். வானிலை குளிர்ச்சியாக இருந்தால் செடி கொஞ்சம் நீண்ட பகலுக்கும் இணங்கும் என்பதால் ஆகஸ்ட் கடைசியிலேயே வேலை தொடங்கலாம். ஆனால் அக்டோபரில் குளிர் முற்றிவிடும், வளர்ச்சி நின்றுவிடும். ஆக, அந்த ஊர்ச் செடிக்கு அடுத்த ஆண்டின் மொத்த விளைச்சலையும் கருக்கொள்ளக் கிடைப்பது ஐந்தாறு வாரங்கள். அந்த வாரங்களில் வெயில் நன்றாக அடித்தால் பூ கூடும். இருண்டு குளிர்ந்து கிடந்தால் குறையும். அதனால்தான் அறுவடை முடிந்த வயலை விவசாயி அப்படியே விட்டுவிடுவதில்லை. பழைய இலைகளைக் கழித்து, உரமும் தண்ணீரும் கொடுத்து, செப்டம்பருக்குள் செடி புதுத்தழையோடு நிற்கும்படி பார்த்துக்கொள்கிறார். நம் ஊரில் பிள்ளைத்தாய்ச்சியைக் கவனிக்கும் கவனம் அது.

பூ உருவானதும் செடி ஓர் அரைத்தூக்கத்துக்குள் போகிறது. இலைக்காம்பு குட்டையாகும், புதிய இலை சிறுத்துப்போகும், செடி தரையோடு படிந்துவிடும். இந்தத் தூக்கத்தைக் கலைப்பது வெயில் இல்லை, குளிர்தான். சுமார் 7 டிகிரிக்குக் கீழே பல நூறு மணி நேரம் கிடந்தால்தான் செடிக்கு மறுபடியும் நீண்டு வளரும் தெம்பு வரும். குளிர் போதாத செடியைச் சூடான இடத்தில் வைத்து எவ்வளவு சீராட்டினாலும், அது சவலைப்பிள்ளை மாதிரி குறுகியே நிற்கும்.

கலிபோர்னியாவின் வெதுவெதுப்பான கடற்கரையில் உலகச் சந்தைக்குப் பழம் விளைவிக்கிறார்களே, அவர்களும் இதிலிருந்து தப்ப முடியாது. அவர்களுடைய நாற்றுகள் மாநிலத்தின் வடகோடியில், உயரமான மேட்டுநிலப் பண்ணைகளில் வளர்ந்து, அங்கே இலையுதிர்காலக் குளிரைக் குடித்த பிறகுதான் தெற்கே வந்து நடப்படுகின்றன. 2010இல் புவிசார் குறியீடு பெற்ற மகாபலேஷ்வர் பழத்துக்கும் தாய்ச்செடிகள் வெளிநாட்டிலிருந்துதான் வருகின்றன. குளிர்காலம் இல்லாத ஊருக்கு, வேறெங்கோ பட்ட குளிரைச் செடிக்குள் அடைத்துக் கொண்டுவருவதுபோல.

இந்தக் குணத்தை வைத்துக்கொண்டு டச்சு நாற்றுக்காரர்கள் செய்யும் வேலை இன்னும் ஆச்சரியமானது. நடுக்குளிர்காலத்தில், தூங்குகிற செடிகளைத் தோண்டி எடுத்து, மண்ணை உதறி, கட்டுக்கட்டாகப் பெட்டிகளில் அடுக்கி, மைனஸ் ஒன்றரை டிகிரி வாக்கில் குளிர்கிடங்கில் வைத்துவிடுகிறார்கள். மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். பார்த்தால் காய்ந்த வேர்க்கொத்து. வேண்டிய தேதியில் எடுத்து நட்டால், இரண்டு மாதம் வாக்கில் பழம். பூ ஏற்கெனவே உள்ளே இருக்கிறதே! அது விரிந்தால் போதும்.

சரி, கிடங்கில் மைனஸ் ஒன்றரை. வயலில் மைனஸ் 30. அங்கே என்ன ஆகிறது?

குளிரால் செடி சாவது பெரும்பாலும் செல்லுக்குள் ஐஸ் படிகம் உருவாவதால்தான். படிகத்தின் முனை சவ்வைக் கிழித்துவிடும். இதைத் தவிர்க்கச் செடி இலையுதிர்காலம் முழுக்கத் தயாராகிறது. செல்களில் சர்க்கரை ஏறுகிறது. செல்லுக்கு வெளியே உள்ள இடைவெளிகளில் தண்ணீர் முதலில் உறைய, உள்ளே இருக்கும் தண்ணீரும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுக்கப்படுகிறது. உள்ளே மிஞ்சுவது பாகுபோலக் கெட்டியாகி, உறையாமல் நிற்கிறது. இத்தனை தயாரிப்புக்கும் ஓர் எல்லை உண்டு. குறுந்தண்டின் வெப்பநிலை சுமார் மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே போனால் சேதம் தொடங்கிவிடும். வசந்தத்தில் அதை நெடுக்கே பிளந்து பார்த்தால் தெரியும்: நல்ல தண்டின் உட்புறம் பாலேடுபோல வெளுத்திருக்கும், அடிபட்டது பழுப்பேறி, யாரோ நறுக்கி வைத்துவிட்டு மறந்துபோன ஆப்பிள்போல இருக்கும்.

மைனஸ் 10க்கும் மைனஸ் 30க்கும் இடையிலுள்ள தூரத்தை நிரப்புவது வானத்திலிருந்து விழும் பனி. புதிதாக விழுந்த வெண்பனியில் பத்தில் ஒன்பது பங்கு காற்றுதான். அசையாமல் சிறைப்பட்ட அந்தக் காற்று, பஞ்சுமெத்தை மாதிரி வெப்பத்தைக் கடத்தாது. கோடையில் சேர்ந்த சூட்டை மண் மெல்ல மேலே விட்டுக்கொண்டிருக்கும். மேலே கவிந்த பனி அதை வெளியேற விடாது. முழங்கால் உயரப் பனி இருந்துவிட்டால் போதும். மேலே மைனஸ் 30 டிகிரிக் காற்று வீசினாலும், அடியில் பூஜ்யத்துக்குச் சில டிகிரி கீழேதான் இருக்கும். அந்த இருட்டில் செடி தன் இலைகளைக்கூட உதிர்க்காமல் பச்சையாகக் கிடக்கிறது.

ஆகவே அந்த ஊர் விவசாயி பயப்படுவது கடுங்குளிருக்கு இல்லை. பனி விழாத குளிருக்கு. போர்வை இல்லாமல் மைனஸ் 15 வந்தால் போயிற்று. அதைவிட மோசம், நடு ஜனவரியில் மழை பெய்வது. பனி உருகி, தேங்கிய தண்ணீர் மறுபடி உறைந்து, வயல்மேல் கண்ணாடிப் பாளமாகப் படிந்துவிட்டால் செடிக்கு மூச்சுமுட்டும். உறைவதும் இளகுவதுமாக மண் பலமுறை மாறினால், விரியும் ஐஸ் செடியை மேலே நெம்பும், வேர் அறுந்துபோகும். பூமி சூடேற ஏற இப்படிப்பட்ட அரைகுறைக் குளிர்காலங்கள் வடக்கே அடிக்கடி வருகின்றன. வெப்பம் கூடினால் வடநாட்டு விவசாயத்துக்கு நல்லதுதானே என்று நினைப்பவர்கள் இந்தச் செடியிடம் கேட்டுப்பார்க்க வேண்டும்.

பனியை நம்ப முடியாத இடங்களில் மனிதர்கள் போர்வை போர்த்துகிறார்கள். கனடாவிலும் வட அமெரிக்காவின் மற்றக் குளிர்ப்பகுதிகளிலும் வைக்கோல் மூடாக்கு. பின்லாந்தில் பெரும்பாலும் வெள்ளை நார்த்துணி. எப்போது போர்த்துவது என்பதில்தான் கைப்பழக்கம் இருக்கிறது. முன்கூட்டியே மூடினால் செடி குளிருக்குப் பழகாமல் இளசாகவே இருந்துவிடும். தாமதமாக மூடினால் முதல் கடுங்குளிர் முந்திக்கொள்ளும். நீலகிரியில் இருப்பவர்களுக்கு இந்தப் போர்வை புதிதில்லை. ஊட்டி தாவரவியல் பூங்காவில் டிசம்பர், ஜனவரி உறைபனிக்கு மலர்ச்செடிகளின்மேல் கோத்தகிரி மிலார்த் தழையைப் பரப்பி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே அது சில வாரப் பாடு. வடக்கே அரை வருடம்.

இந்தக் குளிர்த்திறம் செடிக்கு எங்கிருந்து வந்தது என்றால், கதை கடல் தாண்டிப் போகிறது. நாம் இன்று சாப்பிடும் பெரிய ஸ்ட்ராபெர்ரி இயற்கையில் எந்தக் காட்டிலும் விளைந்ததில்லை. 1712இல் அமெதே பிரான்சுவா பிரெசியே என்ற பிரெஞ்சு ராணுவப் பொறியாளர், தென் அமெரிக்காவில் ஸ்பானியர்களின் கோட்டைகளை வேவுபார்க்க அனுப்பப்பட்டார். சிலியின் கடற்கரையில், அங்குள்ள பூர்வகுடிகள் காலங்காலமாகப் பயிரிட்டுவந்த ஸ்ட்ராபெர்ரியைப் பார்த்தார். ஐரோப்பியக் காட்டு ஸ்ட்ராபெர்ரி சுண்டுவிரல் நகத்தளவு, இது முட்டையளவு. நல்ல பழம் தாங்கியிருந்த செடிகளாகப் பார்த்துப் பெயர்த்துக்கொண்டு கப்பல் ஏறினார். ஆறு மாதக் கடற்பயணம். குடிக்கிற தண்ணீரில் பங்கு கொடுத்து வளர்த்தும், 1714இல் பிரான்ஸ் வந்துசேர்ந்தபோது உயிரோடு இருந்தவை ஐந்தே செடிகள்.

வந்த செடிகள் பூத்தன, காய்க்கவில்லை. சிலி இனத்தில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பழம் பார்த்துத் தேர்ந்தெடுத்ததால் அவர் கொண்டுவந்தவை எல்லாம் பெண்ணாகவே அமைந்துவிட்டன. பல ஆண்டுகள் கழித்து, கிழக்கு வட அமெரிக்காவிலிருந்து ஏற்கெனவே ஐரோப்பாவுக்கு வந்திருந்த வர்ஜீனியா ஸ்ட்ராபெர்ரி பக்கத்துப் பாத்தியில் நின்றபோதுதான் மகரந்தம் கிடைத்தது. பிறந்த கலப்புச் செடியில் இரண்டின் சாயலும் இருப்பதை அந்துவான் நிக்கோலா துஷேன் என்ற இளைஞர் கண்டறிந்து 1766இல் நூலாக எழுதினார். அப்போது அவருக்கு இருபது வயது நிரம்பவில்லை.

தாய் சிலியின் மிதமான கடலோரத்துக்காரி. தந்தை, கனடாவின் குளிர்காலம்வரை பரவி வாழும் சின்னப்பழச் செடி. பருமன் தாய்வழி, குளிர்தாங்கும் உடம்பு பெரும்பாலும் தந்தைவழி. காட்டு ஸ்ட்ராபெர்ரிக்கு 14 குரோமோசோம்கள். இந்தக் கலப்புச் செடிக்கு 56. ஒவ்வொரு வகைக் குரோமோசோமிலும் எட்டெட்டுப் பிரதி. இந்தச் சிக்கலான மரபுத்தொகுதியை முழுமையாக வாசித்து வெளியிட 2019 ஆயிற்று.

கலப்பு அத்தோடு நிற்கவில்லை. டென்மார்க்கில் பிறந்து 1898இல் அலாஸ்காவுக்கு வந்த வேளாண் அறிஞர் சி. சி. ஜார்ஜெசன், சிட்காவில் ஆய்வுப்பண்ணை அமைத்தார். தெற்கிலிருந்து வந்த ரகங்கள் அந்தக் குளிரில் நிற்காததால், அலாஸ்காவின் கடலோர மணலில் தானாக வளர்ந்த காட்டுச் செடியோடு அவற்றைக் கலந்து, ஆயிரக்கணக்கில் நாற்றெடுத்துப் பொறுக்கினார். அந்தப் பக்கத்தில் இன்று கஸ்டேவஸ் எனப்படும் ஊருக்குப் பழைய பெயரே ஸ்ட்ராபெர்ரி முனை.

மே மாதம் வருகிறது. பனி உருகியாயிற்று, போர்வை எடுத்தாயிற்று, மொட்டு வெளியே வருகிறது. எட்டு மாதம் எதையும் தாங்கிய செடி, இனி எதையும் தாங்காது. தூங்கும்போது மைனஸ் 10ஐப் பொறுத்த அதே உயிர், விரிந்த பூவாக இருக்கும்போது மைனஸ் ஒன்றிலேயே அடிபடும். பின்லாந்து மொழியில் குளிர்காலத்து உறைகுளிருக்கு ஒரு சொல். பயிர்க்காலத்து இரவில் வந்து விழும் உறைபனிக்கு வேறு சொல், ஹல்லா. 1867 செப்டம்பரில் ஹல்லா தானியத்தைக் கருக்கி, அந்த நாட்டின் பெரும்பஞ்சத்தை முற்றவைத்தது. அந்தச் சொல்லில் இன்னமும் கொஞ்சம் பயம் ஒட்டியிருக்கிறது.

ஹல்லா வருவது மேகமில்லாத, காற்றில்லாத, நட்சத்திரம் பளிச்சிடும் இரவில். நிலம் தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். விடியற்காலை மூன்று மணிக்குத் தரையோரத்து வெப்பமானி பூஜ்யத்தை நெருங்கும்போது விவசாயி எழுந்துபோய்த் தெளிப்பான்களைத் திறந்துவிடுகிறார். உறையப்போகும் பூவின்மேல் தண்ணீர்! முதன்முறை கேட்பவருக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் படும். தண்ணீர் பூவின்மேல் விழுகிறது, உறைகிறது. ஒரு கிராம் தண்ணீர் ஐஸாக மாறும்போது 80 கலோரி வெப்பத்தை வெளியே விடுகிறது. அந்த வெப்பம் பூவுக்குப் போகிறது. தண்ணீர் விழுந்து உறைந்துகொண்டே இருக்கும்வரை, ஐஸும் தண்ணீரும் கலந்த அந்த உறையின் வெப்பநிலை பூஜ்யத்தைவிட்டு இறங்காது. மைனஸ் ஒன்றில் சாகும் பூ, பூஜ்யத்தில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது.

நிறுத்தினால்தான் ஆபத்து. ஆவியாகும் தண்ணீர், உறையும் தண்ணீர் தருவதைப்போல ஏழரை மடங்கு வெப்பத்தைப் பிடுங்கிக்கொள்ளும். பாதி இரவில் மோட்டார் நின்றாலோ, குழாயில் அடைப்பு ஏற்பட்டாலோ, காற்று கிளம்பினாலோ, நனைக்காமல் விட்டதைவிடக் கேடு. கைவிளக்கோடு வரப்பில் நடக்கிறவர் ஐஸின் நிறத்தைத்தான் பார்ப்பார். கண்ணாடிபோலத் தெளிந்திருந்தால் தண்ணீர் போதுகிறது. பால்போல வெளுத்திருந்தால் போதவில்லை. தெளிந்த ஐஸுக்குள், ஐந்து வெள்ளை இதழும் நடுவில் மஞ்சளுமாக, கண்ணாடிப் பேழையில் வைத்ததுபோல ஒவ்வொரு பூவும் நிற்கும். வெயில் ஏறி ஐஸ் தானாக உருகி விழும்வரை தெளிப்பான் ஓட வேண்டும்.

தப்பாத பூவை அடையாளம் காண்பது எளிது. இதழ்கள் வெளுப்பாகவே இருக்கும், நடு மட்டும் கறுத்துவிடும். கொத்தில் முதலில் விரியும் பூதான் ஆகப்பெரிய பழம் தருவது. முதலில் விரிவதாலேயே ஹல்லாவிடம் முதலில் மாட்டுவதும் அதுதான்.

தப்பிய பூ பழமாவது எப்படி என்பதையும் பார்த்துவிடலாம். பழத்தின் மேல்தோலில் விதை விதையாக ஒட்டியிருக்கிறதே, சுமார் 200 இருக்கும், அவை ஒவ்வொன்றும்தான் தாவரவியல்படி தனித்தனிக் கனி. நாம் தின்னும் சிவப்புச் சதை, அவற்றைத் தாங்கிய பூத்தளம் ஊதிப்பெருத்தது. 1950இல் ழான் நிட்ஷ் என்ற ஆய்வாளர் இளங்காயிலிருந்து இந்த மணிகளைப் பொறுக்கி எடுத்துப் பார்த்தார். சதை வளரவில்லை. அங்கே ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கியைப் பூசினார். வளர்ந்தது. ஒவ்வொரு மணியும் தனக்குக் கீழே இருக்கும் சதையை மட்டும் வளரச் சொல்லி அழைக்கிறது. மகரந்தம் சேராத, அல்லது குளிரில் கருகிய மணி அழைப்பதில்லை. அந்த இடம் குழிந்தே நிற்கும்.

பூத்ததிலிருந்து பழுக்க ஒரு மாதம். வடக்கின் குளிர்ந்த இரவுகளில் அது இன்னும் சில நாள் நீளும். பகல் 20 மணி நேரமும் வெயிலில் சர்க்கரை செய்கிற செடி, இரவின் குளிர்ச்சியில் அதை அதிகம் செலவழிப்பதில்லை. நார்வேயின் பழைய ரகம் ஒன்றுக்கு ‘யோன்சோக்’ என்று பெயர். நடுக்கோடைத் திருநாளைக் குறிக்கும் சொல் அது. பின்லாந்தில் நெடுங்காலமாகப் பேர்போன ‘போல்கா’ ரகம் கருஞ்சிவப்பு, உள்ளேயும் சிவப்பு. ஜூலையில் அந்த ஊர்ச் சந்தைகளில் அதை எடைபோட்டு விற்பதைவிட, லிட்டர் அளவைக் குவளையில் அள்ளி விற்பதே வழக்கம். நம் சந்தையில் படியால் கடலை அளந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி அந்நியமாக இராது.

அளந்து கொட்டிய பழங்களில் ஒன்றிரண்டு ஒருபக்கம் சூம்பி, நுனி மடிந்து இருக்கும். கையில் எடுத்துப் பார்த்தால், அந்த மடிப்பில் மட்டும் மணிகள் பொடிப்பொடியாக, நெருக்கமாக, வளராமல் கிடக்கும். ஜூன் முதல் வாரத்தில் ஒரு விடியற்காலை, தெளிப்பான் எட்டாத வயலோரத்தில், அந்தப் பூவின் ஒரு பக்கத்தை மட்டும் ஹல்லா தொட்டுவிட்டுப் போயிருக்கிறது. மறுபக்கம் பிழைத்து, சிவந்து, இனித்துத்தான் இருக்கிறது.